கடைசி வரிசையில் ஒரு ரசிகை

பாதாளம் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் கொடுக்கிறவர் மாதத்துக்கு ஒருமுறை உரக்க வாசிப்பார், அதுவும் தப்பாக. மற்ற நாளெல்லாம் பாதாளம்தான். இசைநாடக அரங்கில் மேடைக்கு அடியில் வேலை பார்க்கிறவரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? வந்த புதிதில் அவருக்கு அது பிடிக்கவில்லை. சில வருடம் கழித்து ஒருநாள் தொலைபேசியை எடுத்தவர் தன்னை மறந்து, "ஹலோ, பாதாளம் பேசறேன்" என்றார். மறுமுனையில் இருந்த ஆயுள் காப்பீட்டு முகவர் மறுபேச்சு பேசாமல் வைத்துவிட்டார். அன்றிலிருந்து பெயர் பிடித்துப்போயிற்று.

வேலை எளிதானதுதான். மேடையின் நடுவே சதுரமாக ஒரு பலகை உண்டு. அதன்மேல் நிற்கும் அரசனோ அரக்கனோ மறைய வேண்டுமென்றால், கீழே பாதாளம் பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுற்றுவார். பலகை கீழே இறங்கும். தோன்ற வேண்டுமென்றால் மறுபடி சுற்றுவார். பலகை மேலே ஏறும். மேலே கைதட்டல் கேட்கும். கீழே கிரீஸ் வாடையும், மழைக்காலத்தில் கணுக்கால் வரைக்கும் தண்ணீரும் இருக்கும். கீழே வேலைக்கு இறங்கிய பிறகு, ஓய்வுபெறும் வயதை நெருங்கும்வரை ஒரு நாடகத்தைக்கூட அவர் முழுசாகப் பார்த்ததில்லை. ஆனால் எந்தக் கதாநாயகிக்கு எந்தக் கால் கொஞ்சம் கனம் என்று சொல்லிவிடுவார்.

பெரிய சக்கரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு சக்கரம் இருந்தது. எதற்கு வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. துருவேறிக் கிடந்தது. ஒரு மழைநாள் மாலை, பொழுது போகாமல் பாதாளம் அதற்கு எண்ணெய் போட்டார். எண்ணெய் போட்ட கை சும்மா இருக்குமா? பின்பக்கமாகக் கொஞ்சம் சுற்றிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பலகையில் நகைச்சுவை நடிகர் பேய் வேடத்தில் தயாராக நின்றுகொண்டிருந்தார். பாதாளம் அவரை வழக்கம்போல மேலே ஏற்றினார். அவர் போன வருடத்துக் காட்சியில் போய் நின்றார்.

நடிகருக்கு அது உடனே புரியவில்லை. எதிரே கதாநாயகிக்குப் பதில், சண்டை போட்டுக்கொண்டு வேறு குழுவுக்குப் போய்விட்ட பழைய கதாநாயகி நின்றாள். கண்ணை மூடிக்கொண்டு வசனத்தைச் சொன்னார். சபை விழுந்து விழுந்து சிரித்தது. கீழே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அண்ணே, எனக்கு என்ன ஆச்சு?" என்பதல்ல. "அண்ணே, அந்தச் சபைக்கே இன்னொரு தடவை அனுப்ப முடியுமா?" என்பதுதான்.

காலத்தில் பின்னோக்கிப் போகும் வழி ஒன்று கிடைத்தால் உலகம் என்னென்னவோ செய்யும். போர்களை நிறுத்தும், கப்பல்களைக் காப்பாற்றும். ஆனால் இந்த வழி அந்த மேடைக்குத்தான் போகும், வேறெங்கும் போகாது. அந்த மேடையில் நடந்த போர்களும் மூன்றாம் அங்கத்துக்கு மேல் நீடித்ததில்லை. போய்ச் சேர்வதும் நடந்துகொண்டிருக்கும் காட்சியின் நடுவில்தான். அதனால் போகிறவர் வேடம் போட்டிருக்க வேண்டும், வாயைத் திறந்து ஏதாவது பாடவும் வேண்டும். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் ஆராய்ச்சிக்காக வந்து, பாட்டு கற்றுக்கொண்டு, படைவீரனாக மேலே போனார். ஒரு காதல் பாட்டின் நடுவில் போய் முளைத்தார். வேறு வழியில்லாமல் மூன்றாவது குரலாகச் சேர்ந்து பாடினார். திரும்பி வந்தபோது முகமே மாறியிருந்தது. இப்போது கோரஸில் இருக்கிறார். வரலாற்றைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுகிறார்.

அரங்கின் மேனேஜர் இதையெல்லாம் பராமரிப்புப் பிரச்சினையாகத்தான் பார்த்தார். "மேல இருக்கற தூசி கீழ இறங்கக்கூடாது, அவ்வளவுதான் எனக்கு," என்று சொல்லிவிட்டு, கலைஞர்களுக்கு முறை வைத்து அனுமதி கொடுத்தார். போனவர்கள் எல்லாரும் கைதட்டலைத் திருத்தத்தான் போனார்கள். இருமலை எடுத்துவிட்டு வந்தார்கள், கழன்று விழுந்த ஒட்டுமுடியைச் சரிசெய்துவிட்டு வந்தார்கள்.

இதில் ஒரே சங்கடம், மேலே எதைத் திருத்தினாலும் வெளியே ஏதாவது ஒன்று மாறிவிடும். மாறியது யாருக்கும் தெரியாது. போய்வந்தவருக்குத் தெரியும், அவர் கண்ணாடியைத் தவிர வேறெதையும் பார்க்கிற வழக்கமில்லை. இன்னொருவருக்கும் தெரியும். சின்னச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு.

அரசகுமாரி கடைசியில் விஷம் குடித்துச் சாகும் நாடகம் ஒன்று இருந்தது. ஒரு நடிகை முதல் அரங்கேற்றத்துக்கே போய், விஷக் கோப்பையைத் தட்டிவிட்டு வந்துவிட்டாள். அவளுக்குத் தரையில் படுப்பது பிடிக்காது. அன்றிலிருந்து உலகத்தில் உள்ள எல்லாப் பிரதிகளிலும் அரசகுமாரிக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அந்தக் கல்யாணப் பாட்டு மேலே கேட்கும்போதெல்லாம் கீழே பாதாளம் கண்ணைத் துடைத்துக்கொள்வார். ரொம்ப இளகின மனசு என்று கோரஸ்காரர்கள் பேசிக்கொண்டார்கள். செத்துப்போன ஒருத்தியின் கல்யாணத்தைத் தினமும் கேட்பவரின் பாடு அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அதுகூடப் பரவாயில்லை. அரங்குக்கு எதிரே ஒரு பேக்கரி இருந்தது. பாதாளம் தினமும் நாலு மணிக்கு அங்கே ஒரு பன்னும் டீயும் சாப்பிடுவார். ஒரு பாடகி பழைய இருமல் ஒன்றை எடுத்துவிட்டு வந்த அன்று, அவர் வெளியே போய்ப் பார்த்தால் பேக்கரி இருந்த இடத்தில் செருப்புத் தைக்கும் கடை இருந்தது. கடைக்காரர், "எங்க அப்பா காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கோம்," என்றார். பாதாளத்தின் சட்டைப்பையில் முந்தின நாள் வாங்கிய பாதி பன் இருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் காட்டினார்.

"இது எங்க வாங்கினதுன்னு நினைக்கிறே?"

"எங்க வாங்கினா என்ன, ஊசிப் போச்சு. தூக்கிப் போடுங்க."

"எதிர்க்க இருந்த பேக்கரி."

"அங்க எப்பவுமே செருப்புக் கடைதான். ரொம்ப நேரம் கீழயே உட்காராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? காத்து இல்லாத இடம்."

மனைவி பொய்ப்பல் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தாள். மற்றவர்கள் வாய்க்குள் பொருந்துகிற மாதிரி மெழுகிலும் பிசினிலும் வரிசை வரிசையாகப் பல் வைப்பாள். நாள் முழுக்கக் கிர்ரென்று அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருப்பவள். அந்த இரைச்சலுக்குப் பழகிய உடம்பு. பேரிரைச்சலில்தான் நிம்மதியாகத் தூங்கும். கல்யாணமான புதிதில் வீடு அமைதியாக இருக்கிறது என்று அவளுக்குத் தூக்கமே வரவில்லை. பாதாளம் குறட்டை விடப் பழகிய பிறகுதான் குடும்பம் நிலைபெற்றது.

அந்தக் கல்யாணம் நடந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பாதாளம் அப்போது திரை இழுக்கிறவர். ஓர் இளம் இசையமைப்பாளரின் முதல் இசைநாடகம் அரங்கேறியது. தோற்றுப்போன தளபதி ஒருவன், அதே போரை மறுபடி நடத்த வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்வான் என்பது கதை. தளபதியின் பெரிய பாட்டை இசையமைப்பாளர் தன் தொண்டைக்கு ஏற்றபடி உச்சத்தில் வைத்துவிட்டார். பாடியவரின் குரல் அந்தச் சுருதிக்கு அரைக் கட்டை எட்டவில்லை. உச்சியில் குரல் கிழிந்தது. முதலில் சபை சிரித்தது, பிறகு எழுந்தது. நாற்காலி மடங்கும் சத்தம் முன்வரிசையில் ஆரம்பித்துக் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. நாடகம் முடியும்போது மிச்சமிருந்தது ஒரே ஒரு பெண்தான். இரட்டை ஷிப்ட் முடித்து, யாரோ கொடுத்த இலவச டிக்கெட்டில் வந்தவள், முதல் பாட்டிலேயே தூங்கிப்போயிருந்தாள். வாத்தியங்கள் நின்றன. திரை விழுந்தது. அரங்கில் ஊசி விழும் அமைதி. அந்த அமைதியில் திடுக்கிட்டு விழித்தவள், தான் வேலையிடத்தில் இருப்பதாக நினைத்து, யாரையோ அதட்டுகிற குரலில் கேட்டாள்:

"ஏன் நிறுத்திட்டீங்க?"

திரை இழுத்தவர் போய்ப் பதில் சொன்னார். பேச்சு வளர்ந்து, கடைசி பஸ் போய், சைக்கிளில் கொண்டுபோய் விட்டு, அது அப்படியே கல்யாணத்தில் முடிந்தது. ஒரு மகளும் பிறந்தாள்.

அந்தக் கேள்வி, மேடையோரத் தட்டிக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்த இசையமைப்பாளரின் காதிலும் விழுந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் இரண்டாவது நாடகத்தை எழுதினார். அது அவரை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. 'கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருந்த அந்த ஒரு ரசிகைக்காகத்தான் எழுதுகிறேன்' என்று அவர் சொல்லாத பேட்டி இல்லை. அது பள்ளிப் பாடத்திலும் ஏறியது. பாதாளத்தின் மகள் அந்தப் பாடத்துக்கு எழுதிய கட்டுரையில், 'அந்த ரசிகை என் அம்மா. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள்' என்று எழுதிவைத்தாள். ஆசிரியை மதிப்பெண் போடாமல், பெற்றோரை அழைத்துவரச் சொன்னார். மனைவி போய், "பிள்ளை சரியாத்தான் எழுதியிருக்கா," என்று சொல்லிவிட்டு வந்தாள். மதிப்பெண் மட்டும் வரவில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான், இசையமைப்பாளரின் பெயரையே அரங்குக்கு வைப்பதென்று முடிவாயிற்று. வாசலில் பதிக்கும் கல்லில் அவருடைய நாடகங்கள் எல்லாவற்றையும் வரிசையாகப் பொறிக்க வேண்டும். முதல் பெயர் அந்தத் தோற்றுப்போன தளபதியுடையது. இப்போது கிழவராகிவிட்ட இசையமைப்பாளருக்கு அது தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. மேனேஜர் அவரை அழைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார்.

"பாதாளம், ஐயா ஒரு சின்ன வேலையா மேல போயிட்டு வரணும். சனிக்கிழமை காலையில ஹால் சும்மாதான் இருக்கு."

"எந்த நாளுக்குங்க?"

இசையமைப்பாளர் நாளைச் சொன்னார்.  மற்றவர்கள் கல்யாண நாளைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். பாதாளம் அதற்கு முந்தைய வருடத்து இந்த நாளையும் வைத்திருந்தார்.

"அரைக் கட்டை இறக்கி எல்லா வாத்தியத்துக்கும் புதுசா இசைத்தாள் எழுதி வெச்சிருக்கேன்," என்றார் கிழவர். "காவலாளி வேஷத்துல போறேன். பாட்டுக்கு முன்னால குழுவுகிட்ட குடுத்துட்டு வந்துடறேன். அவ்வளவுதான். தளபதி ஜெயிச்சுடுவான்."

"அப்ப சபை கலையாது, இல்லீங்களா?"

"ஏன் கலையுது? எழுந்து நின்னு தட்டுவாங்க!"

எழுந்து நின்று தட்டுவார்கள். அந்தச் சத்தம் ஓயும்போது கடைசி வரிசையில் தூங்குகிறவள் கூட்டத்தோடு கூட்டமாக விழிப்பாள். கூட்டத்தோடு வெளியே போவாள். கடைசி பஸ்ஸும் கிடைத்துவிடும். 

"அந்த ரசிகைம்மா இருக்காங்களே ஐயா... கடைசி வரிசையில. அவங்க என்ன ஆவாங்க?"

"ஒருத்தி இருந்த இடத்துல நூறு பேர் இருப்பாங்க," என்று கிழவர் பெருந்தன்மையாகச் சொன்னார்.

முடியாது என்று சொல்லிவிடலாமா என்று பாதாளம் யோசித்தார். சொன்னால் மேனேஜர் வேறு யாரையாவது சக்கரத்தில் நிறுத்துவார். அப்புறம் பாதாளத்துக்கு மனைவி இருந்ததே நினைவிருக்காது. சாயங்காலம் தனி ஆளாக ஏதோ ஓர் அறைக்குப் போய், எதற்கென்று தெரியாமல் குறட்டை விட்டுத் தூங்குவார். தானே சுற்றினால் எல்லாம் நினைவிருக்கும். இழந்தது என்ன என்றாவது தெரியும். இரண்டில் எது நல்லது என்று தீர்மானிக்க முடியாமல் வீட்டுக்குப் போனார்.

மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். பல்வரிசை ஒன்றை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தபடியே கேட்டாள்.

"சனிக்கிழமை அவரு மேல போயிட்டு வந்தா, நான் உங்களுக்கு யாரோ. அப்படித்தானே?"

"ஆமா."

"இவ?" என்று உள்ளே கைகாட்டினாள். உள்ளே மகள் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலை. எப்போது பார்த்தாலும் தலை ஈரமாகத்தான் இருக்கும்.

"இவ இருக்கவே மாட்டா."

"இந்த மாச நீச்சல் குளத்துச் சாவி அவகிட்டதான் இருக்கு," என்றாள் மனைவி.  பிறகு பல்வரிசையைக் கீழே வைத்தாள். "நீங்க சொல்றதை நான் நம்பறேன்னு இல்லை. ஆனா சனிக்கிழமை நானும் வர்றேன். அந்தச் சக்கரத்தைப் பிடிச்சா மறக்காதுன்னீங்கல்ல?"

"ஆமா."

"அப்ப நானும் பிடிக்கிறேன். நீங்க மட்டும் நினைவு வெச்சுக்கிட்டு என்னைத் தேடி வந்து நின்னா, யாரோ கிறுக்கன்னு நான் போலீஸைக் கூப்பிட்டுடுவேன்."

முப்பது வருடக் குடித்தனத்தில் இதைவிட அன்பான வார்த்தையைப் பாதாளம் கேட்டதில்லை.

சனிக்கிழமை வந்தார்கள். வழியில் அவளுடைய பழுப்புச் செருப்பின் வார் அறுந்துவிட்டது. அரங்குக்கு எதிர்க்கடையில் தைக்கக் கொடுத்து, சீட்டு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, கடைக்காரர் கொடுத்த ஒரு பழைய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு கீழே இறங்கினாள். இசையமைப்பாளர் ஏற்கெனவே காவலாளிச் சட்டையில் இருந்தார். தாள்கட்டு அக்குளில் இடுக்கியிருந்தது. மீசை மட்டும் சரியாக ஒட்டவில்லை. ஒரு விரலால் பிடித்துக்கொண்டே பேசினார்.

"இது யாருய்யா?"

"என் வீட்டுக்காரம்மா." பாதாளம் அவளை முன்னால் விட்டார். இனி ஒரே வழிதான் இருந்தது. "ஐயா... கடைசி வரிசை ரசிகை இவங்கதான்."

கிழவர் மீசையிலிருந்து விரலை எடுத்தார். மீசை கீழே விழுந்தது. அவர் குனியவில்லை.

"நீங்களா? நீங்கதானா அந்த..." குரல் உடைந்தது, அரைக் கட்டை இறங்கி. "அம்மா, வாழ்நாள் பூரா உங்களுக்காகத்தான் எழுதினேன். அன்னிக்கு எல்லாரும் போனப்புறமும் நீங்க மட்டும் உட்கார்ந்திருந்தீங்களே. எது உங்களைப் பிடிச்சு வெச்சுது? தளபதி பாட்டா? இல்லை, அவன் அம்மா பாடற தாலாட்டா?"

அவருடைய முதுகுக்குப் பின்னால் நின்று பாதாளம் கண்ணால், புருவத்தால், கடைசியில் இரண்டு கையாலும் ஜாடை காட்டினார்: தாலாட்டு, தாலாட்டுன்னு சொல்லு. அழுதேன்னு சொல்லு.

மனைவி இருவரையும் பார்த்தாள்.

"தூங்கிட்டேங்க," என்றாள்.

"தாலாட்டுலயா?"

"இல்லைங்க. அதுக்கு ரொம்ப முன்னாலயே. பொய்ப்பல்லு செய்யறதோட சரி. பொய் சொல்ல எனக்கு வராது."

மேடைக்கு அடியில் எங்கோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.  கிழவர் மெல்லக் குனிந்து மீசையை எடுத்தார். தூசியை ஊதினார். மூக்குக்குக் கீழே வைத்து அழுத்தினார். இந்தத் தடவை ஒட்டிக்கொண்டது.

"சுத்துய்யா," என்றார். பலகையில் ஏறி நின்றார்.

பாதாளம் மனைவியைப் பார்த்த பார்வையில் ஒரு குடும்பத்துக்கே வேண்டிய வசவு இருந்தது. அவள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "தள்ளுங்க," என்று அவர் பக்கத்தில் வந்து நின்று, சின்னச் சக்கரத்தில் கை வைத்தாள். இருவருமாகப் பின்பக்கம் சுற்றினார்கள். அவள் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்ள, பாதாளம் அதிலிருந்து இடது கையை எடுக்காமலே வலது கையால் பெரிய சக்கரத்தைச் சுற்றினார். பலகை ஏறியது. காவலாளியின் பூட்ஸ் மேலே மறைந்தது. பின்பக்கம் சுற்றிய சக்கரத்தைத் திரும்பி வரும்வரை பிடித்தபடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போனவர் பாதிப் பாட்டில் வந்து விழுவார். விட்டுவிடலாமா என்று பாதாளத்துக்கு ஒரு கணம் தோன்றாமல் இல்லை. விட்டால் மறுபடி ஏறுவார்.

மேலே பழைய சத்தங்கள் கேட்டன. பாதாளம் அவற்றை மறந்திருக்கவில்லை. தளபதி மூச்சுப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தான். உச்சிக்கு வந்தான். குரல் கிழிந்தது.

"கிழிஞ்சுதே," என்றார் பாதாளம், மூச்சு விடாமல். "தாளைக் குடுக்கலை."

நாற்காலிகள் மடங்க ஆரம்பித்தன. முன்வரிசை, அதற்கடுத்தது, அதற்கும் அடுத்தது. அதற்கு மேலாக இன்னொரு குரல் எழுந்தது. கிழட்டுக் குரல், ஆனால் முழுக்குரல். காவலாளிக்கு அந்த நாடகத்தில் பாட்டே கிடையாது. காவலாளி பாடினான். தளபதியின் பாட்டை, எழுதிய கட்டையிலேயே, இறக்காமல் பாடினான்.

"ஏன் இப்படிக் கத்தறாரு?" என்றாள் மனைவி. "யாரைப் பார்த்துக் கத்தறாரு?"

"உன்னைத்தான்."

"என்னை எதுக்கு?"

"எழுப்பறதுக்கு."

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேலே இருப்பவள் இப்போது விழித்தால், எழுந்து, கொட்டாவி விட்டு, மற்றவர்களோடு போய்விடுவாள். பாதாளத்தின் கை வியர்வையில் வழுக்கியது. அவள் தன் கையை அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"எழுந்திருக்க மாட்டா," என்றாள். "எனக்குத் தெரியும். ரெண்டு ஷிப்ட் பார்த்தவ."

காவலாளி உச்சிக்குப் போனான். மேடைப் பலகைகள் அதிர்ந்து, கீழே இருந்தவர்கள் தலையில் தூசி கொட்டியது. கடைசி நாற்காலியும் மடங்கியது. பாட்டு முடிந்தது. வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. திரை விழும் சரசரப்பு கேட்டது. அதை இழுப்பது யார் என்று பாதாளத்துக்குத் தெரியும். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒன்றுமில்லாதது நீண்டுகொண்டே போயிற்று.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

இளம் குரல். அதட்டல் அப்படியே இருந்தது.

"நாடகம் முடிஞ்சுடுச்சுங்க," என்றது ஓர் ஆண் குரல், ரொம்பப் பணிவாக.

"முடிஞ்சுதா? கடைசி பஸ்?"

"அது போயிடுச்சுங்க. நீங்க கவலைப்படாதீங்க. என்கிட்ட சைக்கிள் இருக்கு. புதுசு. பெல்லு கூட இருக்கு."

கீழே மனைவி கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "குரலைப் பாரு. பெல்லு இருக்காம். அப்பவே வழிஞ்சிருக்கீங்க."

"சக்கரத்தைப் பிடி," என்றார் பாதாளம். காது சிவந்திருந்தது.

மேலே பூட்ஸ் இரண்டு தடவை தட்டியது. பலகை இறங்கியது. இசையமைப்பாளர் அக்குளில் தாள்கட்டு அப்படியே இருந்தது. கட்டிய நூல்கூட அவிழவில்லை. இறங்கி, வண்ண டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"தாளைக் குடுக்கலீங்களா ஐயா?"

"குடுக்கலாம்னுதான் போனேன்." மூச்சு வாங்கியது. "மேல போனதும் கண்ணு நேரா கடைசி வரிசைக்குப் போச்சு. வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்கறாங்க. ஒரு ஈ உட்கார்ந்து எழுந்து போகுது. எனக்கு வந்த கோபத்துல தாளாவது ஒண்ணாவது. இருக்கற மூச்செல்லாம் போட்டுப் பாடினேன். அசையலை." தலையை ஆட்டிக்கொண்டார். "எழுப்ப முடியலை."

மனைவிக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "உங்க மேல தப்பு இல்லைங்க," என்றாள். "எனக்குச் சத்தம் இருந்தா தூக்கம் வரும். நின்னாதான் முழிப்பு வரும்."

கிழவர் இதை யோசித்தார். ரொம்ப நேரம் யோசித்தார். முகத்தில் மெல்ல மெல்ல வெளிச்சம் வந்தது.

"அப்ப... என் இசை நின்னதும் உங்களுக்குத் தாங்கலை."

"சத்தம் நின்னதும்..."

"இசைதான் ஐயா," என்றார் பாதாளம் அவசரமாக. பொய் சொல்ல வராது என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை.

"தூக்கத்துலயும் கேட்டிருக்காங்க!" இசையமைப்பாளர் எழுந்தார். மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். "முழிச்சிருக்கறவன் எவனும் உட்காரலை. தூங்கறவங்க கேட்டிருக்காங்க. கல்லுல அந்தப் பேரு முதல்ல இருக்கட்டும்யா, இருக்கட்டும்!" தாள்கட்டை டப்பா மேலேயே விட்டுவிட்டுப் படியேறினார். பிறகு திறப்புவிழாவில் அவர் இதைச் சொன்னபோது, சபை எழுந்து நின்று கைதட்டியது. அந்தத் தாள்கள் இப்போது பெரிய சக்கரத்தின் கிரீஸைத் துடைக்க உதவுகின்றன.

பாதாளம் போனை எடுத்து மகளை அழைத்தார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மனைவி அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா? குளத்துல பிள்ளைங்க இருக்காங்க. அப்புறம் பேசறேன்." வைத்துவிட்டாள்.

"இருக்கா," என்றார் பாதாளம்.

"சாவி?"

"அவகிட்டதான் இருக்கும்."

இருவரும் வெளியே வந்தார்கள். வாசலில் மனைவி அப்படியே நின்றாள். தெருவில் ரொட்டி வேகும் வாசனை அடித்தது. எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் பன்கள் அடுக்கியிருந்தன. டீ பாய்லர் புகைந்துகொண்டிருந்தது. ஒரு கிழட்டுக் காவலாளி எங்கோ பாடினதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பாதாளம் யோசிக்கவில்லை. அவர் அதையெல்லாம் யோசிப்பதை விட்டு வெகுகாலம் ஆயிற்று.

அவள் இடுப்பிலிருந்து செருப்புக் கடைச் சீட்டை எடுத்தாள். சீட்டைப் பார்த்தாள். பேக்கரியைப் பார்த்தாள். காலில் இருந்த ரப்பர் செருப்பைப் பார்த்தாள்.

"ஏங்க. இங்க செருப்புக் கடைல்ல இருந்துச்சு?"

இந்தக் கேள்விக்காகப் பாதாளம் எத்தனையோ வருடமாகக் காத்திருந்தார். நிதானமாகத் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"எப்பவுமே பேக்கரிதான்," என்றார். "கீழ ரொம்ப நேரம் இருந்துட்டே. காத்து இல்லாத இடம்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று தெருவைக் கடந்து பேக்கரிக்குள் போனாள். கல்லாவில் சீட்டை வைத்து, தட்டிக் காட்டி, "பழுப்புச் செருப்பு. வார் அறுந்தது. இப்பத்தான் குடுத்தேன்," என்றாள். கடைக்காரர் சீட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னாலேயே வந்த பாதாளம், அந்தப் பெண்மணி யாரென்றே தெரியாதவர் போல ஓரமாக நின்று, இரண்டு பன்னுக்கும் இரண்டு டீக்கும் சொன்னார்.